காற்று நின்றுபோகும் வாரம்

மார்ச் பின்பாதிக்கான வானிலை முன்னோட்டம் வந்துவிட்டது. இங்கே சிங்கப்பூரில், எங்கள் கட்டுமான சைட் வாட்ஸ்அப் குழுவில் யாரோ அதைப் படமெடுத்துப் போட்டு, 34 டிகிரி என்ற இடத்தில் சிவப்பு வட்டம் வரைந்திருந்தார்கள். அதற்குக் கீழே வரிசையாக வியர்க்கும் முகங்கள், நெருப்புப் படங்கள். ‘ஊருக்கே போயிடலாம்ணே’ என்று ஒருவர். எல்லோரும் அந்த 34-ஐத்தான் பார்த்தார்கள். எனக்கு வயிற்றைக் கலக்கியது அதற்கு மேலே இருந்த வரி: வடகிழக்குப் பருவக்காற்று ஓய்கிறது, இனி காற்று பலமில்லாமல் திசை மாறி மாறி வீசும்.

பதினைந்து நாளுக்கு ஒருமுறை சிங்கப்பூர் வானிலை ஆய்வகம் இப்படி ஒரு முன்னோட்டம் தருகிறது. மழை எப்படி, வெயில் எப்படி, காற்று எந்தத் திசை என்று ஒரு பக்கத்துக்குள் முடிந்துவிடும். பத்து வருஷத்துக்கும் மேலாக விடாமல் படிக்கிறேன். ஆரம்பத்தில் நானும் டிகிரியைத்தான் தேடினேன். இப்போது காற்றைத் தேடிப் படித்துவிட்டுத்தான் மற்றதற்குப் போவேன். ஏன் அப்படி ஆனேன் என்பதை எழுதிவிட வேண்டும் என்று நெடுநாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். குறிப்பாக, வெயிலில் நின்று வேலை செய்கிற தம்பிகளுக்காகவும், அவர்களை வேலை வாங்குகிற சூப்பர்வைசர்களுக்காகவும்.

நான் 2008-ல் கம்பி கட்டும் வேலைக்கு வந்தவன். புதுக்கோட்டைப் பக்கம் சொந்த ஊர். ஏழு வருஷம் கம்பி கட்டினேன், அப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் கோர்ஸ் படித்துப் பாதுகாப்பு வேலைக்கு மாறினேன். காலையில் வேலை தொடங்குமுன் நடக்கும் பாதுகாப்புப் பேச்சில், அதாவது டூல்பாக்ஸ் மீட்டிங்கில், தமிழிலும் கொஞ்சம் பெங்காலியிலும் பேசுவது, வேலை அனுமதிச் சீட்டான பெர்மிட்டைப் பார்ப்பது, பாதுகாப்பு பெல்ட் மாட்டாமல் மேலே ஏறுபவரைக் கீழே இறக்குவது, இதுதான் என் நாள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே மார்ச் கடைசி. அந்த வருஷம் பிப்ரவரி முழுக்க நல்ல வறட்சி, மழையே இல்லை, புல் பழுத்துக் கிடந்தது. பிற்பகலில் 34 தொட்டது. ஆனால் ஒருத்தர்கூட உடம்புக்கு முடியவில்லை என்று வரவில்லை. மேல் தளத்தில் நின்றால் வடகிழக்கிலிருந்து காற்று சட்டையைப் பிடித்து இழுக்கும். வியர்வை தெரியாது, முகத்தில் உப்புத்தான் பூத்திருக்கும். சரி, இந்த வருஷ வெயிலைத் தாண்டிவிட்டோம் என்று நினைத்தேன். கூடுதலாக வைத்திருந்த தண்ணீர் டிரம் ஒன்றை வேறு சைட்டுக்குக் கொடுக்கவும் சம்மதித்தேன்.

மார்ச் கடைசி வாரம் சிவகங்கைப் பக்கத்திலிருந்து ஒரு புதுத் தம்பி வந்து சேர்ந்தார். நாலாவது நாள், மதியம் இரண்டு மணி இருக்கும். அன்றைக்கு 33 டிகிரிதான், பிப்ரவரியைவிட ஒன்று குறைவு. ஏழாவது மாடித் தளத்தில் கம்பி கட்டிக்கொண்டிருந்தவர் திடீரென்று உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் இருந்தவர் ‘என்னப்பா பேரு?’ என்று கேட்டதற்கு ஊர்ப் பெயரைச் சொல்லியிருக்கிறார். திரும்பக் கேட்டாலும் அதே ஊர்ப் பெயர். நல்லவேளை, கேட்டவர் பழைய ஆள். பேச்சு குழறினால் சும்மா மயக்கம் இல்லை என்று அவருக்குத் தெரியும். நிழலுக்குத் தூக்கிப்போய், சட்டையைக் கழற்றி, தலையிலிருந்து தண்ணீர் ஊற்றி, இரண்டு பேர் அட்டையால் விசிற, கேன்டீனிலிருந்து ஐஸ் கொண்டுவந்து கழுத்திலும் அக்குளிலும் வைத்தோம். 995-க்கு அடித்தோம். ஆம்புலன்ஸ் வருவதற்குள் அவருக்குத் தன் பெயர் நினைவு வந்துவிட்டது. அதைக் கேட்டதும் எனக்குக் கால் நடுங்கியது, படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மூன்று நாள் மருத்துவமனை, இரண்டு வாரம் ஓய்வு, அப்புறம் வேலைக்கு வந்துவிட்டார். பதிவேட்டில் ‘காலை உணவு உண்ணவில்லை’ என்று காரணம் எழுதினார்கள். அவர் சாப்பிடாததும் உண்மைதான். ஆனால் முந்தின மாதமும் பாதிப் பேர் சாப்பிடாமல்தான் லாரி ஏறினார்கள். அது காரணம் இல்லை என்று எனக்கு மனசுக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது. அந்த நாள்களின் வானிலைக் குறிப்புகளை எடுத்து வைத்துப் பார்த்தேன். ஒன்றே ஒன்றுதான் மாறியிருந்தது. காற்று நின்றுபோயிருந்தது.

ஊரில் அம்மா போனில் கேட்பார்: ‘இங்க 38 தாண்டிருச்சு தம்பி. அங்க 33-தானே, அதுக்கா இவ்வளவு பாடு?’ அவருக்கு மண்பானையைத்தான் சொல்லிப் புரியவைத்தேன். பானைத் தண்ணீர் ஏன் சில்லென்று இருக்கிறது? சுவரில் கசியும் ஈரம் காற்றில் காய்கிறது, காயும்போது பானையின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. எங்கள் ஊர் வறண்ட சித்திரையில் பானை நன்றாகக் குளிரும். ஐப்பசி அடைமழையில் அதே பானை ஏன் குளிர்வதில்லை? காற்றில் ஏற்கெனவே ஈரம் இருப்பதால் கசிவது காய்வதில்லை. மனுஷ உடம்பும் அந்தப் பானை மாதிரிதான். வியர்வை வழிந்தால் மட்டும் உடம்பு குளிராது, அது காய வேண்டும். சிங்கப்பூரில் விடியற்காலை ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டி இருக்கும். மழையில்லாத பிற்பகலில் 60-ஐ ஒட்டி இறங்கும். இந்தக் காற்றில் வியர்வையைக் காயவைக்க ஒரு துணை வேண்டும். அந்தத் துணை வீசும் காற்று. அதுவும் நின்றுபோனால் 33 போதும், ஆளைச் சாய்க்க.

இதை அளக்க ஒரு கருவி இருக்கிறது, இப்போது எங்கள் சைட்டிலும் முக்காலியில் நிற்கிறது. வெட் பல்ப் குளோப் டெம்பரேச்சர் என்று பெயர், சுருக்கமாக டபிள்யூபிஜிடி. அதில் மூன்று வெப்பமானிகள். ஒன்று ஈரத்திரி சுற்றியது, அதாவது பானை. இன்னொன்று கறுப்பு உருண்டைக்குள் இருப்பது, வெயில் நேராகச் சுடுவதை வாங்கிக்கொள்ளும். மூன்றாவதுதான் நாம் எல்லோரும் அறிந்த சாதாரண வெப்பமானி. மூன்றையும் சேர்த்து ஓர் எண் வரும். அந்தச் சேர்மானத்தில் பத்தில் ஏழு பங்கு ஈரத்திரிக்கு, இரண்டு பங்கு கறுப்பு உருண்டைக்கு, சாதாரண வெப்பமானிக்கு ஒரே ஒரு பங்கு. வாட்ஸ்அப்பில் சிவப்பு வட்டம் போடப்பட்ட அந்த 34-க்கு இந்தக் கணக்கில் கிடைக்கும் இடம் அவ்வளவுதான். இதை மீட்டிங்கில் முதல் தடவை சொன்ன அன்று கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

2023 அக்டோபரிலிருந்து மனிதவள அமைச்சு இதை வைத்தே விதி போட்டிருக்கிறது. வெளிப்புற வேலை நடக்கும் பெரிய தளங்களில் மணிக்கு ஒருமுறை இந்த எண்ணைப் பார்க்க வேண்டும். 32-ஐத் தொட்டால் கடும் உடலுழைப்பு செய்பவருக்கு மணிக்குப் பத்து நிமிஷமாவது நிழலில் ஓய்வு. 33-ஐத் தொட்டால் பதினைந்து நிமிஷம். புதிதாக வந்தவருக்கு முதல் ஏழு நாளாவது வெயிலில் நிற்கும் நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும். என் சிவகங்கைத் தம்பி விழுந்தது நாலாவது நாள் என்று சொன்னேனே. இந்த ஏழு நாளை விதியில் படிக்கும்போதெல்லாம் அவர் முகம்தான் வரும்.

காற்று எங்கிருந்து வருகிறது, ஏன் நிற்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். குளிர்காலத்தில் சைபீரியா, மங்கோலியாப் பக்கம் கனத்துப்போய் உட்காரும் குளிர்க்காற்று தெற்கே வழிந்து, தென்சீனக் கடலைக் கடந்து இங்கே வருகிறது. வரும் வழியில் கடலில் ஈரம் குடித்துக்கொண்டு, டிசம்பர் ஜனவரியில் நாள்கணக்கில் மழையாகக் கொட்டும். எங்கள் ஊர்க் கண்மாயை ஐப்பசி கார்த்திகையில் நிரப்புகிறதும் வடகிழக்குப் பருவம்தான், அது வங்கக் கடல் வழியாக வரும் பிள்ளை, இது தென்சீனக் கடல் வழியாக. பிப்ரவரியில் மழைப்பட்டை தெற்கே நகர்ந்துவிடுகிறது. காற்று மட்டும் வீசும், மழை இருக்காது. சிங்கப்பூரில் சராசரியாக ஆண்டிலேயே மழை குறைந்த மாதம் பிப்ரவரிதான். மார்ச் நடுவுக்கு மேல் வடக்கே குளிர் தணிய, தள்ளுகிற கை ஓய்ந்துபோகிறது. ஜூனில் தென்மேற்குக் காற்று வந்து நிலைக்கும் வரை இடையில் உள்ள வாரங்களுக்கு உரிமையாளரே இல்லை. காற்று எங்கிருந்தும் வரலாம், எங்கிருந்தும் வராமலும் போகலாம்.

சிங்கப்பூரில் பதிவான உச்ச வெப்பம் 37 டிகிரி. இரண்டு முறை தொட்டிருக்கிறது: 1983 ஏப்ரல் 17-ல் தெங்காவில், அப்புறம் நாற்பது வருஷம் கழித்து 2023 மே 13-ல் அங் மோ கியோவில். இரண்டும் இந்த இடைப்பட்ட காலத்தில் வந்தவை, காய்ந்து கிடக்கும் பிப்ரவரியில் இல்லை. 2014-ஐ நினைத்துப் பாருங்கள். ஜனவரி 13 முதல் பிப்ரவரி 8 வரை 27 நாள் ஒரே வறட்சி, அந்தப் பிப்ரவரி முழுவதற்கும் சாங்கியில் பெய்தது 0.2 மில்லிமீட்டர், 1869-லிருந்து அவ்வளவு வறண்ட மாதம் இல்லை என்றார்கள். நான் அப்போது கம்பி கட்டிக்கொண்டிருந்தேன். தீவு விரைவுச்சாலை ஓரமெல்லாம் புல் வைக்கோல் நிறத்தில் இருந்தது. லாரியின் பின்னால் உட்கார்ந்து பார்த்தால் ஊரில் அறுவடை முடிந்த வயல் மாதிரி தெரியும், எனக்கு அது பிடித்துக்கூட இருந்தது. தாகம் எடுத்தது, உதடு வெடித்தது, ஆனால் நாங்கள் விழவில்லை. வறட்சி வேறு, உடம்பைச் சாய்க்கும் புழுக்கம் வேறு என்பதை அன்றைக்கே உடம்பு கற்றுக்கொண்டது. எனக்குப் புரியத்தான் இத்தனை வருஷம்.

கான்கிரீட் போடுபவர்களுக்கு இதன் மறுபக்கம் தெரியும். பிப்ரவரிக் காற்றில் தளம் போட்டால் மேற்பரப்பு சீக்கிரம் காய்ந்து, இறுகும் முன்பே மயிரிழை மயிரிழையாக வெடிக்கும். அதனால் தளம் போட்ட கையோடு தண்ணீர் தெளிப்போம், ஈரச் சாக்கு போர்த்துவோம், காற்றுத் தடுப்பு கட்டுவோம், இரவில் ஒருத்தர் வந்து சாக்கு காய்ந்துவிட்டதா என்று தொட்டுப் பார்ப்பார். காற்று நின்ற மார்ச் கடைசியில் தளத்துக்கு அந்த அவசரம் குறைந்துவிடும், தளம் பிழைத்துக்கொள்ளும், மேலே நிற்கும் ஆளுக்குத்தான் ஆபத்து ஆரம்பிக்கும். அன்று என்னை வேதனைப்படுத்தியது இதுதான். தளத்துக்கு எத்தனை மணிக்கு ஈரம் போட வேண்டும் என்பது வேலைத்திட்டத்தில் எழுத்தில் இருந்தது, கையெழுத்தும் இருந்தது. ஆளுக்கு எத்தனை மணிக்கு ஈரம் என்று யாரும் எழுதியிருக்கவில்லை. நானும் எழுதவில்லை.

சூரியனையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். மார்ச் 23-ஐ ஒட்டி இங்கே சூரியன் உச்சந்தலைக்கு நேராக வரும், குத்தி நிற்கும் கம்பிக்கு நிழலே இருக்காது. ஆனால் அது பன்னிரண்டு மணிக்கு நடப்பதில்லை. சிங்கப்பூர் இருக்கும் இடத்துக்கு ஏற்ற நேரத்தைவிட நம் கடிகாரம் ஒரு மணிநேரத்துக்கும் மேலாக முன்னால் ஓடுகிறது. அதில் கடைசி அரைமணி 1982 பிறக்கும்போது முன்னே தள்ளி வைத்தது. அதனால் உச்சி வெயில் ஒரு மணி பத்து நிமிஷத்துக்கு மேல்தான். எங்கள் சாப்பாட்டு நேரம் பன்னிரண்டிலிருந்து ஒன்று வரை. அதாவது, வெயில் ஏறிக்கொண்டிருக்கும்போது நிழலில் இருக்கிறோம், அது உச்சிக்கு வரும்போது சாப்பிட்ட வயிற்றோடு மறுபடி மேலே ஏறுகிறோம். இதை நான் கவனிக்கவே பல வருஷம் ஆனது. கவனித்த பிறகு மேலாளரிடம் போய் இந்த நான்கு வாரத்துக்கு மட்டும் மதிய ஓய்வை ஒன்றிலிருந்து இரண்டு வரை மாற்றிக் கேட்டேன். முதலில் மறுத்தார். கிரேன், கான்கிரீட் லாரி எல்லாம் அதன்படி ஓடுகிறது என்றார், அதுவும் நியாயம்தான். கடைசியில் மேல்தளத்தில் இருக்கும் இரண்டு குழுவுக்கு மட்டும் மாற்ற ஒப்புக்கொண்டார்.

உலர்ந்த வாரம் என்று முன்னோட்டத்தில் இருந்தாலும் சுத்தமாக மழையே இல்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இரண்டு பக்கத்துக் கடற்காற்றும் தீவின் நடுவே மோதி, மூன்று நாலு மணிக்கு எங்காவது ஓரிடத்தில் இடியோடு கொட்டும். மேற்கே ஜூரோங்கில் வெள்ளமாக ஓடும், கிழக்கே சாங்கியில் சொட்டு விழாது. இடி எச்சரிக்கை வந்தால் கிரேனை நிறுத்திவிட்டு எல்லோரையும் இறக்குவோம். மழை விட்டதும் ‘அப்பாடா, குளிர்ந்துருச்சு’ என்று ஏறுவார்கள். அரைமணியில் வெயில் திரும்ப வந்துவிட்டால் நனைந்த தளத்திலிருந்து ஆவி எழும்பும். அந்த நேரத்தில் சாதாரண வெப்பமானி 31 காட்டும், கருவியோ முன்பைவிடக் கூடுதலாகக் காட்டியதை நான் பார்த்திருக்கிறேன். அதனால் மழைக்கு அப்புறம் முதல் அரைமணி நான் கீழே வரமாட்டேன்.

காற்று புகையையும் ஓட்டுகிறது. பிப்ரவரி மார்ச்சில் இந்தோனேசியாவின் ரியாவ் பக்கம் காடும், மக்கிய செடிகொடி படிந்த கரிநிலமும் எரிவதுண்டு. வடகிழக்குக் காற்று இருக்கும்வரை அந்தப் புகை நம்மைவிட்டு விலகிப் போகும். 2013 ஜூன் 21-ல் காற்றுத் தரக் குறியீடு 401 வரை போனபோது காற்று தென்மேற்கிலிருந்து வந்துகொண்டிருந்தது. முகமூடிக்கு அலைந்த அந்த நாள்களை இங்கே இருந்தவர்கள் யாரும் மறக்கவில்லை.

ரமலான் மாதம் சில வருஷமாக இந்த நாள்களை ஒட்டியே வருகிறது. எங்கள் குழுவில் பங்ளாதேஷ் தோழர்கள் பதினொரு பேர். பகலெல்லாம் ஒரு மிடறு தண்ணீர் இல்லாமல் நிற்பவரிடம் மணிக்கு 300 மில்லி குடி என்று நான் சொல்ல முடியாது, சொல்லவும் மாட்டேன். வேலையைத்தான் மாற்ற வேண்டும். விடிந்ததும் முதல் மூன்று மணிநேரம் அவர்களுக்கு மேல்தள வேலை, பத்து மணிக்கு மேல் அடித்தளத்தில், கார் நிறுத்துமிடத்தில், நிழல் உள்ள இடத்தில். தமிழ்த் தம்பிகள் ஆரம்பத்தில் முணுமுணுத்தார்கள். அப்புறம் அவர்களே ‘பாய், நீங்க கீழ போங்க, நாங்க பாத்துக்குறோம்’ என்று சொல்லத் தொடங்கினார்கள். அதைக் கேட்ட அன்றைக்கு எனக்கு ரொம்ப நிறைவாக இருந்தது.

இரவையும் மறக்கக் கூடாது. வடகிழக்குக் காற்று வீசும் நாள்களில் விடியற்காலை நன்றாகக் குளிர்ந்துவிடும், உடம்பு ஆறிவிடும். காற்று நின்றுவிட்டால் தங்குவிடுதி அறை விடிய விடியச் சூடாகவே இருக்கிறது, ஆறாத உடம்போடு ஆள் மறுநாள் லாரி ஏறுகிறார். மூன்றாவது நாலாவது நாள்தான் அது வெளியே தெரியும். ஆகவே காலையில் நான் கேட்கும் முதல் கேள்வி ‘சாப்டீங்களா’ இல்லை, ‘தூங்குனீங்களா’. சாப்பாட்டிலும் ஒரு சிக்கல் உண்டு. விடியுமுன் கட்டிக் கொடுத்த பொட்டலம் பன்னிரண்டு மணி வரை இந்தச் சூட்டில் தாங்காது. புளித்த வாடை வந்தால் பாதியைக் கொட்டிவிட்டு வெறும் வயிற்றோடு ஏறுவார்கள். கூட்டு வைத்த பொட்டலத்தை இந்த வாரங்களில் தவிர்த்துவிட்டு, புளிச்சாதமோ எலுமிச்சைச் சாதமோ கேட்டு வாங்கச் சொல்கிறேன். ஊறுகாய் உப்பும் உள்ளே போகும்.

ஊர்க் கணக்கில் சித்திரை வைகாசி இளவேனில். இங்கே அந்தப் பெயருக்குரிய பருவமே இல்லை என்று நானும் ரொம்ப நாள் நினைத்தேன். பருவம் இல்லாத ஊர் என்றால் மரத்துக்கு எப்படித் தெரிகிறது? காய்ந்த வாரங்களுக்குப் பின் ஒரு நல்ல மழை விழுந்தால் சாலையோரத் தபேபுயா மரங்கள் இளஞ்சிவப்பாகப் பூத்துத் தள்ளும், ஜப்பான் செர்ரி மாதிரி இருக்கிறது என்று கூட்டமாக நின்று படமெடுப்பார்கள். எனக்கு அதைவிட அங்சானா. நம் ஊர் வேங்கையின் சொந்தக்கார மரம். மழைக்குச் சில நாள் கழித்து ஒரே பகலுக்கு மஞ்சளாகப் பூத்து, மறுநாள் காலை நடைபாதை முழுக்க உதிர்ந்து கிடக்கும். எங்கள் சைட் வாசலில் ஒன்று நிற்கிறது. போன வருஷம் அது பூத்த அன்று வாட்ச்மேன் அண்ணன் அதைப் பெருக்க விடவில்லை, மதியம் வரை அப்படியே கிடக்கட்டும் என்றார்.

இந்தத் தடவை அந்த மழை எப்போது என்று முன்னோட்டத்தில் தெளிவாக இல்லை, மாதக் கடைசியில் சில பிற்பகல்களில் என்று மட்டும் இருக்கிறது. திங்கட்கிழமை மூன்று பேர் புதிதாகச் சேர்கிறார்கள். மூன்று பேரின் ஹெல்மெட்டிலும் பச்சை நாடா ஒட்டச் சொல்லியிருக்கிறேன், ஏழு நாளைக்கு. பச்சை நாடா போட்டவர் பதினொன்றிலிருந்து மூன்று வரை மேல்தளத்தில் நின்றால் யார் பார்த்தாலும் இறக்கிவிடலாம், என்னைக் கேட்க வேண்டியதில்லை. வேறு சைட்டுக்குப் போன தண்ணீர் டிரம்முக்குப் பதில் புதிது ஒன்று வாங்கி, ஏழாவது மாடிப் படிக்கட்டுக்குப் பக்கத்திலேயே வைத்தாகிவிட்டது. திங்கள் காலை மீட்டிங்கில் பேச அந்த சிவகங்கைத் தம்பியிடமே கேட்டிருக்கிறேன். இப்போது அவர்தான் கம்பிக் குழுவின் மேஸ்திரி. என்ன பேசுவது என்று கேட்டார். ஊர்ப் பெயரை இரண்டு தடவை சொன்ன கதையைச் சொல்லுங்கள், போதும் என்றேன்.